குடிக்காதவர் வருவார்

சிப்பித்துறையில் மாசிலாமணி அண்ணாச்சியின் வீட்டுக்கு முதலில் வந்தது நண்டுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து, ஊர் ஆண்கள் சேசுராஜ் சலூனில் கூடி, 'துறைமுகச் செய்தி' வார இதழின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்து, ஓய்வுபெற்ற கம்பவுண்டர் பூபாலராயர் குறுக்கெழுத்துக்கு விளக்கம் சொல்வதை வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்த வேளையில், கடற்கரைச் சாலையிலிருந்த தன் மாடி வீட்டு வாசலில் செருப்புக்குள் கால் விட்ட அண்ணாச்சி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

சலூனில் அப்போது ஓடிக்கொண்டிருந்த குறிப்பு இது: 'தண்டின் தலையை எடுத்து நல்லவன் தலையை வைத்தால் பக்கவாட்டில் போகும்.'

"தண்டுல தலையெழுத்து த. அத எடுத்தாச்சு," என்று கம்பவுண்டர் சுழல் நாற்காலியில் மெல்லத் திரும்பியபடி சொன்னார். "நல்லவனுக்குத் தலையெழுத்து ந. அத வச்சாச்சு. நண்டு. நண்டு எப்படிப் போவும்? பக்கவாட்டுல போவும். எந்தச் சொல்லும் மிச்சமில்ல. எழுதிக்கோங்க."

அதுதான் அவருடைய சட்டம். விடையை யார் வேண்டுமானாலும் குருட்டாம்போக்கில் சொல்லிவிடலாம். குறிப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லும் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால்தான் விடை விடையாகும். ஒரு சொல் மிச்சமிருந்தாலும் கட்டத்தை நிரப்ப விடமாட்டார்.

அந்தக் குறிப்புகளை எழுதியவள் ஜெசிந்தா. இதழில் அச்சுப்பிழை திருத்துகிற வேலை அவளுக்கு. அத்துடன் ஒவ்வொரு வாரமும் குறுக்கெழுத்தையும் அவளேதான் அமைப்பாள். அவள் புருஷன் சந்தியாகு தண்டல். தோணியை ஓட்டிப் போகிற தலைவனுக்கு அந்தக் கரையில் தண்டல் என்று பெயர். மாசிலாமணி அண்ணாச்சியின் 'சலேத் மாதா' தோணிக்குப் பல வருஷமாக அவர்தான் தண்டல். கடைசிப் பயணத்துக்கு முன்னால், உப்பும் வெங்காயமும் ஏற்றுவதற்கு முன்னால், அடிப்பலகையில் ஓரிடத்தில் விரலால் குத்தினார். விரல் உள்ளே போயிற்று. முதலாளியிடம் போய்ச் சொன்னார். "பஞ்சும் பிசினும் வச்சு அடைச்சாச்சுவே, போய்ட்டு வாரும்," என்றார் முதலாளி. போனார். நல்ல வெயிலில், காற்றே இல்லாத கடலில், தோணி அடியோடு இறங்கிற்று. தோணியில் வேலை செய்த கலாசிகள் எல்லோரையும் பலகைகளைப் பிடிக்கச் செய்து இறக்கிவிட்டவர் தான் இறங்க நேரமில்லாமல் போனார். கலாசிகளை ஒரு மீன்பிடிப் படகு ஏற்றிக்கொண்டு வந்தது. அவருடைய உடல்கூடக் கரைக்கு வரவில்லை.

அது விதி என்றால் ஜெசிந்தா அழுதுவிட்டுப் போயிருப்பாள். ஆனால் விசாரணையில் மாசிலாமணி எழுந்து நின்று, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செத்தவனைப் பத்தி நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுதேன், அவன் குடிச்சிட்டுத் தோணியைப் பாறையில ஏத்திட்டான்," என்று சொன்னார். கலாசிகள் நாளைக்கும் அவர் தோணியில்தான் ஏற வேண்டும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சந்தியாகு மருந்துக்குக்கூடக் குடிக்காதவர் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை இருமலுக்கு டானிக் வாங்கிப் போனவர், மூடியைத் திறந்து முகர்ந்துபார்த்துவிட்டு, "இதுல சாராய வாடை வருது, வேற குடுங்க," என்று திருப்பிக் கொடுத்தது கம்பவுண்டருக்கே தெரியும். ஆனால் விசாரணையில் கம்பவுண்டரை யாரும் கேட்கவில்லை, அவரும் எழுந்துபோய்ச் சொல்லவில்லை. இப்படி ஊரே வாயை மூடிக்கொண்டிருக்க, தண்ணீரில் செத்த ஒரு மனிதன் சாராயத்தில் செத்தவனாகக் காகிதத்தில் ஏறினான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நண்டு வந்தது. ஒன்று இல்லை, செருப்புக்குள் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, அரிசிப் பானைக்குள் குடும்பத்தோடு.

அதற்கடுத்த வாரக் குறிப்பு, 'பாடலின் தலையும் ஊசியின் காலும் சேர்ந்தால் வழுக்கும்.' பாடலின் தலை பா, ஊசியின் கால் சி, பாசி என்று கம்பவுண்டர் சொல்லி முடித்த நேரத்தில், அண்ணாச்சியின் மாடிப்படியில் பச்சைப் பாசி மேலிருந்து கீழாகவும், கூடத்தில் இடமிருந்து வலமாகவும் படர்ந்தது. அண்ணாச்சி படியில் வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே வீட்டு வேலை செய்கிற கனகு இதை மீன் சந்தையில் சொன்னாள். சந்தையில் சொன்னது சலூனுக்கு வந்தது. சலூனில் கம்பவுண்டர் இதழை மடித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப நாம வெளக்கம் சொன்னா அங்க போய் இறங்குது," என்றார்.

"அப்ப அடுத்த வாரம் சீக்கிரமே ஆரம்பிச்சிருவோம்," என்றார் சேசுராஜ், கத்தியைத் தீட்டிக்கொண்டே.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. தாழ்வான தெருக்களில் மழைத்தண்ணீர் ஏறினால் கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவதைப்போல, இதையும் ஒரு காரியமாக எடுத்துக்கொண்டார்கள். இதழின் விற்பனை கூடிற்று. பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் ஏறி வந்து சலூன் வாசலில் நின்றார்கள். பெண்களும் வந்தார்கள், அதுவரை சலூன் பக்கமே வராதவர்கள், முடிவெட்டும் துணியை ஓரமாய்த் தள்ளிவிட்டு உட்கார்ந்து, தலை போனது எது, கால் போனது எது என்று கம்பவுண்டரை மடக்கினார்கள். பங்குச் சாமியாரிடம் போய், ஞாயிற்றுக்கிழமையில் இப்படி ஒருத்தர் வீட்டுக்குப் பாசி அனுப்புவது பாவமா என்று கேட்டார்கள். அவரும் கட்டம் நிரப்புகிறவர் என்பதால், பூசைக்கு முன்னால் செய்தால் பாவம், பின்னால் செய்தால் யோசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பால்காரர் அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு போனார். கனகுவோ காலையிலேயே இதழை வாங்கி மகளை விட்டு வாசிக்கச் சொல்லி, அந்த வாரம் வரப்போவது இன்னதென்று தெரிந்துகொண்டு, பாசி என்றால் சாம்பலும் தேங்காய் நாரும், நண்டு என்றால் பெரிய சட்டியும் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒன்றும் திரும்பிப் போகவில்லை என்பதுதான் இதில் கொடுமை. கூட்டித் தள்ளிய நண்டுகள் சாயங்காலமே படியேறி வந்தன. சுரண்டிய பாசி மறுபடி படர்ந்தது. அவற்றின் மேல் அடுத்த வாரமும் வந்து ஏறியது. 'குருவின் தலை போய்த் துன்பத்தின் தலை வந்தால் இரும்பைத் தின்னும்' என்று வந்த வாரம், துரு வந்து பீரோவையும் கேட்டையும் காரையும் தின்றது. அண்ணாச்சி சாவியைத் திருகினால் சாவி கையிலேயே பொடியாக உதிர்ந்தது. 'முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அதே கறுப்பன்' என்ற வாரம், கா, க், கா என்று கம்பவுண்டர் விரல் மடக்கி முன்னும் பின்னும் எண்ணிக் காட்டிய மாத்திரத்தில், கைப்பிடிச்சுவர் முழுக்கக் காக்காய்கள் வந்து உட்கார்ந்தன. அவை கரையவே இல்லை. அண்ணாச்சி எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பிப் பார்த்தன, அவ்வளவுதான்.

இதழின் ஆசிரியர் வியாகுலத்தை அண்ணாச்சி கூப்பிட்டனுப்பி மிரட்டினார். வியாகுலம் திரும்பி வந்து ஜெசிந்தாவின் மேசைக்கு எதிரே நின்றார்.

"இது எப்படிம்மா நடக்குது?"

"எனக்குத் தெரியாது சார். எழுதும்போது அண்ணாச்சிய நெனைக்கேன். வேற ஒண்ணும் செய்யல."

"நிறுத்தச் சொல்லுதாரு."

"அச்சுப்பிழை எதுவும் இருந்தாச் சொல்லுங்க சார், நிறுத்திருதேன்."

பிழை எதுவும் இல்லாததால் வியாகுலம் தன் அறைக்குப் போய்விட்டார்.

உண்மையில் ஜெசிந்தா அப்போது வேறு எதையும் நினைக்கவில்லை. பல் தேய்க்கும்போது அவரை நினைத்தாள். மீன் கழுவும்போது அவரை நினைத்தாள். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்த அந்தக் கையை நினைத்தாள், அந்தக் கையிலிருந்த மோதிரத்தை நினைத்தாள். சொற்களின் தலையைச் சீவும்போது அவளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. விசாரணையில் யாரும் அவளைப் பேசவிடவில்லை. இங்கே ஒவ்வொரு எழுத்தும் அவள் சொன்ன இடத்தில் நின்றது. சுவரில் சந்தியாகுவின் படம் மாட்டியிருந்தது. அதற்கு முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு, படத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் எழுதினாள், வெளிச்சம் அந்தப் பக்கம்தான் நன்றாக விழுந்தது.

ஒருநாள் மத்தியானம் மாசிலாமணி அண்ணாச்சியே அவள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றார். வேட்டி நுனியில் பாசி ஒட்டியிருந்தது.

"உனக்கு என்ன வேணும், ஜெசிந்தா?"

"விசாரணையில சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு குடிக்கலன்னு சொல்லுங்க."

"முடிஞ்சுபோன விசாரணைய நான் எப்படித் தொறக்க முடியும்? எனக்கும் ஊருல ஒரு பேரு இருக்குல்லா?"

"அவியளுக்கும் இருந்துச்சு," என்று சொல்லி அவள் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் வந்த குறிப்பு: 'சட்டையின் தலையைக் கிழித்து ஓலத்தின் தலையைத் தைத்தால் தண்ணீர் புகும்.' சலூனில் அன்று சிரிப்பு இல்லை. சட்டையில் ச போய், ஓலத்தின் ஓ வந்து, ஓட்டை என்று கம்பவுண்டர் தாழ்ந்த குரலில் சொன்னார்; மூலையில் நின்ற கலாசிகளில் ஒருவன் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில், நட்ட நடுவே, மொசைக் தரையில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. சிமெண்டு வைத்து அடைத்தார்கள். சிமெண்டு இறங்கிப்போயிற்று. பஞ்சு வைத்துப் பார்த்தார்கள், பிசினும் வைத்துப் பார்த்தார்கள்.

மறுவாரம், 'கல்லுக்குள் பாதி நட, உப்புத் தண்ணீர் வரும்.' நடவில் பாதி ட. கல்லுக்கு நடுவே அதை வைத்தால் கடல். கம்பவுண்டர் சொன்னதுதான் தாமதம், அந்த விரற்கடை ஓட்டை வழியாகக் கடல் மெல்ல, அவசரப்படாமல், கூடத்துக்குள் ஏறி வந்தது. கணுக்கால் வரை வந்தது, முழங்கால் வரை வந்தது, அங்கே நின்றது. நாற்காலிகள் மிதந்தன. நண்டுகளுக்குச் சந்தோஷம். வாசல்படி தாண்டித் தெருவில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு உள்ளே சின்னச் சின்ன அலைகள் சுவரில் அடித்துத் திரும்புவது தெரிந்தது.

அண்ணாச்சியின் மனைவி எமரன்சியா, பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வாசலுக்கு வந்தாள். "நீங்க சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உள்ளதச் சொல்லிருங்க. சொல்லிட்டு என்னைக் கூப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு அம்மா ஊருக்கு பஸ் ஏறினாள்.

அதன் பிறகு வந்த இதழில் கட்டம் மிகச் சிறியது, ஒரே ஒரு விடைக்குத்தான் இடம் இருந்தது. குறிப்பும் ஒன்றே ஒன்று. 'தண்டனையின் முடிவு போய்க் கடலின் முடிவு வந்தால் குடிக்காதவர் வருவார்.' அதற்குக் கீழே, இதுதான் கடைசிக் குறுக்கெழுத்து என்றும், இதைச் சரியாக விளக்கிச் சொன்னால் இதுவரை போனவை எல்லாம் திரும்பிவிடும் என்றும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் விடை தெரிந்துவிட்டது. ஒருவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சலூன் நிறைந்து கிடந்தது, கத்தரிக்கோல் சத்தம்கூட இல்லை. அண்ணாச்சி ஆள்மேல் ஆள் அனுப்பினார். சேசுராஜ் தனக்குத் தமிழ் அவ்வளவாக வராது என்றார். சாமியார் ஜெபம் சொல்லலாம், விளக்கம் சொல்ல இயலாது என்றார். கம்பவுண்டர் மட்டும் நேராகச் சொன்னார்: "விசாரணையில நான் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா இவ்வளவும் வந்திருக்காது. இப்பப் போய் அவருக்காகத் தொறந்தா என் நாக்கு அழுகிரும்." அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. அதற்கடுத்ததும். அண்ணாச்சி மாடியில் தனியாக இருந்தார். கனகு சோற்றை வாளியில் கட்டிக் கொடுத்தாள், அவர் மேலிருந்து கயிற்றால் இழுத்துக்கொண்டார், காக்காய்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இறங்கி வந்தார். முழங்கால் வரை ஈரமாக, தாடியோடு, கடற்கரைச் சாலை வழியாக நடந்து வந்தார். காக்காய்கள் கூரைக்குக் கூரை தாவிப் பின்னாலேயே வந்தன. சலூனில் வழிவிட்டார்கள். எதிரே இதழ் அலுவலக வாசலில் ஜெசிந்தா நின்றாள்.

"தண்டல்," என்றார் அண்ணாச்சி.

"வெளக்கம்?" என்றார் கம்பவுண்டர்.

"தண்டனையில கடைசி எழுத்து னை. அது போகுது. கடல்ல கடைசி எழுத்து ல். அது வருது. தண்டல்."

"ஒரு சொல்லு மிச்சம் இருக்கே."

அண்ணாச்சி அவரைப் பார்த்தார்.

"குடிக்காதவர்னு எழுதியிருக்கு," என்றார் கம்பவுண்டர். "இந்தக் கரையில எத்தனையோ தண்டல்மாரு இருக்காவ. குடிக்கிறவியளும் உண்டு. குடிக்காதவர்னா அது எப்படித் தண்டல் ஆவும்? அதச் சொல்லாம கட்டத்த நெரப்ப முடியாது."

அண்ணாச்சி சுழல் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"சந்தியாகு குடிக்க மாட்டான்," என்றார். "ஒரு நாளும் குடிச்சதில்ல. அன்னைக்கும் குடிக்கல. பாறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடிப்பலகை இத்துப்போயிருந்துச்சு. அவன் வந்து சொன்னான். அவன் வெரல் உள்ள போன எடத்த நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போகச் சொன்னேன். செத்தவன் எந்திரிச்சு வந்து பேசவா போறான்னு அவன்மேல சொல்லிட்டேன்."

"நாங்களும் பாத்தோம்," என்றான் மூலையிலிருந்த கலாசி. "நாங்களும் பாத்தோம், எங்களுக்கும் தெரியும்," என்று மற்றவர்களும் அழுதுகொண்டே சொன்னார்கள்.

"எந்தச் சொல்லும் மிச்சமில்ல," என்றார் கம்பவுண்டர். தன் பேனாவால் தானே அந்தக் கட்டத்தை நிரப்பினார்.

கூட்டம் கடற்கரைச் சாலைக்கு ஓடியது. அண்ணாச்சி வீட்டுக்குள் கடல் ஒரு நீண்ட மூச்சை இழுப்பதைப்போல அந்த ஓட்டை வழியே வடிந்தது. பாசி சுருண்டு பின்னாலேயே போயிற்று. துரு உதிர்ந்து கேட் பளபளத்தது. காக்காய்கள் கிழக்கே பறந்தன. நண்டுகள் தெருவில் இறங்கி, அத்தனை பேர் காலுக்கும் நடுவே, பக்கவாட்டில் கரைக்குப் போயின. போனவை எல்லாம் திரும்பிவிட்டன என்று மக்கள் கைதட்டினார்கள்.

ஜெசிந்தா அங்கே போகவில்லை. அவள் வீட்டுக்கு ஓடினாள். வருவார் என்று அவளே எழுதியிருக்கிறாள். வாசல் தெளித்தாள். சந்தியாகுவுக்குப் பிடித்த சீலா மீன் குழம்பு வைத்தாள். வேட்டியை எடுத்து உதறி, இஸ்திரி போட்டு, சூடு ஆறாமல் மடித்து வைத்தாள். வெற்றி பெற்றவளின் முகத்தோடு கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தாள்.

கனகு மூச்சிரைக்க வந்தாள்.

"யக்கா, ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாவ."

"எங்க? தெருமுனையிலயா?"

கனகு தயங்கினாள். "அங்கதான்க்கா. அண்ணாச்சி வீட்டுல. எல்லாம் அங்கதான வரும்."

ஜெசிந்தா குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் போனாள். பளபளக்கிற கேட்டைத் தள்ளினாள். கூடத்தில், இன்னும் ஈரம் காயாத மொசைக் தரையில், சந்தியாகு தண்டல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன அன்று போட்டிருந்த நீலச் சட்டை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, நிற்கவில்லை. எதிரே மேசையில் சோறு இருந்தது. மாசிலாமணி அண்ணாச்சி கையில் கரண்டியோடு, அடுத்து என்ன வைக்கலாம் என்று கேட்கப் பயந்துகொண்டு நின்றார்.

அவள் அருகே போய்த் தோளைத் தொட்டாள். தோள் குளிர்ந்திருந்தது.

"எந்திரிங்க. நம்ம வீட்டுக்குப் போவோம்."

அவர் எழுந்திருக்க முயன்றார். நாற்காலியைவிட்டு ஒரு விரற்கடைகூட எழ முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் எதுவும் இல்லை, தூர தேசத்துக் கடிதம் ஒன்றைப் படிக்கிறவரைப்போலத்தான் பார்த்தார்.

"ஜெசி, என்னைய எழுதும்போது நீ யார நெனைச்ச?"

அவள், தண்டல் என்ற அந்தச் சொல்லை எழுதிய மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள். கைக்குட்டைதான் ஞாபகம் வந்தது, மோதிரம்தான் ஞாபகம் வந்தது.

"சரி, விடு," என்றார் சந்தியாகு. "கால் வலிக்கும். உட்காரு."

வாசலில் ஊர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தா முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, நிமிராமலே, மாசிலாமணி அண்ணாச்சியிடம் சொன்னாள்:

"எனக்கும் ஒரு தட்டு வையிங்க. நாளைக்கும் வருவேன்."

அண்ணாச்சி உள்ளே போய்த் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தார்.